மலிவு நூல் வந்த வழி

நல்ல நூல்கள் மலிவாகக் கிடைக்கவேண்டும் என்று கூறாதவர் நம் நாட்டில் இல்லை. பதிப்பாளர் கூறுகின்றனர், ஆசிரியர் கூறுகின்றனர், ஆட்சியில் இருப்போரும் மேடைதோறும் கூறுகின்றனர். ஆயினும் அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று ஆராயப் புகுவோர் சிலரே. காகித விலையும் அச்சுக் கூலியும் குறைந்தால் நூலின் விலையும் குறையும் என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மையே ஆகும். நூல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு விலைகள் உள்ளன. அட்டையில் அச்சிட்டிருப்பது ஒன்று. அச்சான இடத்திலிருந்து புறப்பட்டுப் படிக்க விரும்புவோர் கைக்கு வந்து சேர்வதற்கு ஆகும் செலவு மற்றொன்று. முதல் விலையைக் குறைக்க முயன்றோர் வரலாறு ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாம் விலையைக் குறைத்த நடைபாதை வியாபாரி, தபால்காரர், புகைவண்டி நிலையக் கடைக்காரர் ஆகியோரின் தொண்டு அவ்வளவாகப் பேசப்படவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

இந்தியாவில் மலிவு நூலின் கதையைக் கல்கத்தாவிலிருந்து தொடங்குவது பொருந்தும். அச்சகம் நடத்த அரசாங்கத்தின் அனுமதி பெறவேண்டும் என்றிருந்த கட்டுப்பாடு 1835ஆம் ஆண்டு மெட்காப் காலத்தில் நீங்கியது. அதற்கு முன்பே கல்கத்தாவின் வடபகுதியில், சித்பூர்ச் சாலையை ஒட்டிய சந்துகளில், வங்காளிகள் சிறு சிறு அச்சுக்கூடங்களை நிறுவியிருந்தனர். அங்கு நின்ற ஓர் ஆலமரத்தை வைத்து அப்பகுதிக்குப் 'பட்தலா' என்று பெயர் வழங்கிற்று. ஆலமரத்தடி என்பது அதன் பொருள். பஞ்சாங்கம், புராணக் கதை, நாடகம், வைத்தியம், வம்புக் கதை ஆகியவற்றையெல்லாம் அவர்கள் மரக்கட்டைப் படங்களுடன், மட்டமான காகிதத்தில், சில காசுகளுக்கு விற்றனர். படித்த மேன்மக்கள் அவற்றை இகழ்ந்தனர். ஆனால் வீட்டுப் பெண்களும், கடைச் சிப்பந்திகளும், கிராமத்துப் பெரியவர்களும் அவற்றை விரும்பி வாங்கினர்.

ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார் இந்த அச்சகங்களைக் குறித்து அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை அளித்தார். நீல்தர்பண் என்ற வங்காள நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டமைக்காக 1861இல் ஒரு மாதம் சிறைவாசம் அனுபவித்தவரும் இவரே. 1857ஆம் ஆண்டு நிலைமையைக் கூறும் அந்த அறிக்கையின்படி, கல்கத்தாவில் வங்காள நூல்களை அச்சிட்ட அச்சகங்கள் 46. அவை வெளியிட்ட பிரதிகள் 5 லட்சத்து 71 ஆயிரத்துக்கு மேல். சிப்பாய்க் கலகம் மூண்டு வட இந்தியா முழுவதும் கொந்தளித்த அதே ஆண்டில் இத்தனை நூல்கள் விற்பனைக்கு வந்தன என்பது வியப்புக்குரியது.

லாங் பாதிரியார் குறித்த மற்றொரு செய்தி நமக்கு இன்னும் பயன்படுவது. இந்த நூல்கள் கடையில் மட்டும் விற்கப்படவில்லை. தலையில் நூல்களைக் கோபுரம்போல் அடுக்கிச் சுமந்து செல்லும் கூவி விற்போர் இருநூறு பேருக்கு மேல் அந்நகரத்து அச்சகங்களைச் சார்ந்து வாழ்ந்தனர். மொத்த விலைக்கு வாங்கி, தொலைவான ஊர்களுக்கு நடந்து சென்று, பல சமயம் இரு மடங்கு விலைக்கு விற்றனர். இரு மடங்கு விலை என்றதும் அதைக் கொள்ளை என்று எண்ணிவிடலாகாது. அந்த மனிதர் நடந்த நடைக்கும், சுமந்த சுமைக்கும், மழையில் நனைந்து வீணான பிரதிகளுக்கும் சேர்த்தே அந்த விலை. நகரத்தில் ஓரணாவுக்கு விற்ற நூல் கிராமத்தில் இரண்டணா ஆகுமென்றால், அந்த இரண்டாவது அணாவே நாம் மேலே கூறிய இரண்டாம் விலை. சென்னையில் குஜிலிக் கடைவீதியில் அச்சான காலணாப் பாட்டுப் புத்தகங்களும் பெரிய எழுத்துக் கதைகளும் இவ்வாறே சந்தைகளையும் திருவிழாக்களையும் தேடிச் சென்று மக்களை அடைந்தன.

பட்தலாவில் மலிவைத் தந்தது பல சிறு அச்சகங்களின் போட்டி. இலட்சுமணபுரி என்று நம் முன்னோர் வழங்கிய லக்னோவில் அதைத் தந்தது ஒரே ஒரு பெரிய அச்சகம். முன்ஷி நவல் கிஷோர் 1858இல், கலகத்தின் புகை அடங்குமுன்பே, அந்நகரத்தில் தம் அச்சகத்தை நிறுவினார். உருது எழுத்தை ஈய அச்சுக்களாக வார்ப்பது கடினம். எழுத்துக்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து இணைந்து செல்வன. ஆகவே, அவர் கல் அச்சு முறையைப் பெரிய அளவில் கையாண்டார். அழகெழுத்து வல்லுநர் மை கொண்டு எழுதியதை அப்படியே கல்லில் ஏற்றி ஆயிரக்கணக்கில் பிரதி எடுத்தனர். திருக்குர்ஆனும், பாரசீகக் காப்பியங்களும், துளசிதாசரின் இராமாயணமும், வைத்திய நூல்களும் அந்த ஓர் அச்சகத்திலிருந்தே வெளிவந்தன. முன்பு செல்வர் வீட்டுப் பெட்டியில் பட்டுத் துணியில் பொதிந்து வைத்திருந்த ஏட்டுப்பிரதி, நடுத்தரக் குடும்பத்தினரும் வாங்கக்கூடிய பொருளாயிற்று. காகிதமே தட்டுப்பாடாகாதிருக்க லக்னோவில் காகித ஆலை நிறுவும் முயற்சியிலும் அவர் பங்கு கொண்டார். 1895இல் அவர் மறைந்தபோது ஆசியாவின் பெரிய அச்சகங்களுள் ஒன்றை விட்டுச் சென்றார்.

அச்சு பெருகிய அக்காலத்திலேயே வழியும் திறக்கலாயிற்று. 1853இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதற் பயணிப் புகைவண்டி ஓடியது. மறு ஆண்டே, தொலைவு எதுவாயினும் ஒரே கட்டணம் என்ற அஞ்சல் முறை நாடு முழுவதற்கும் வந்தது. பெஷாவருக்கு அனுப்பினாலும் பக்கத்து ஊருக்கு அனுப்பினாலும் கட்டணம் ஒன்றே என்பது நூல் வணிகத்தில் பெரும் மாறுதலை விளைத்தது. பின்னர், அச்சிட்ட நூல்களுக்குக் கடிதத்தினும் குறைந்த கட்டணம் என்ற சலுகையும் நிலைபெற்றது. ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. முன்பின் அறியாத கடைக்காரருக்கு முன்பணம் அனுப்ப வாசகர் அஞ்சினார். முன்பின் அறியாத வாசகருக்குக் கடனாக நூல் அனுப்பக் கடைக்காரர் அஞ்சினார். 1877இல் அஞ்சல் துறை வி.பி.பி. முறையைத் தொடங்கி இவ்விருவர் அச்சத்தையும் ஒருங்கே போக்கியது. நூலைத் தபால்காரர் கொண்டுவந்து தருவார். வாசகர் அப்போது பணம் கொடுப்பார். அப்பணத்தை அஞ்சல் அலுவலகமே கடைக்காரருக்குச் சேர்ப்பிக்கும். நம் நாட்டில் நூற்பட்டியல் அச்சிட்டு ஊர்தோறும் அனுப்பி வியாபாரம் செய்த பதிப்பாளர் அனைவரும் இந்த மூன்றெழுத்துக்குக் கடன்பட்டவர்கள்.

அதே 1877இல் அலகாபாத்தில் வீலர் நிறுவனம் தோன்றிப் புகைவண்டி நிலையங்களில் புத்தகக் கடைகளை வைக்கத் தொடங்கியது. தென்னாட்டில் 1844 முதல் சென்னையில் நடந்துவந்த ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனமும் நிலையக் கடைகளை நடத்திற்று. வீலர் நிறுவனம் 1888இல் 'இந்திய ரயில்வே நூலகம்' என்ற வரிசையில், அந்நாளில் பெரும்பாலும் அறியப்படாதிருந்த கிப்ளிங் என்ற இளைஞரின் கதைகளை ஆறு சிறு நூல்களாக வெளியிட்டது. விலை தலைக்கு ஒரு ரூபாய். அக்காலத்து ஒரு ரூபாய் ஏழைக்கு எட்டும் தொகை அன்று. ஆங்கிலம் கற்ற பிரயாணிக்கே அது மலிவு. எனினும், நூலைத் தேடி மனிதர் செல்வதற்குப் பதிலாக மனிதர் கூடும் இடத்துக்கு நூல் செல்லவேண்டும் என்ற பாடத்தை அந்த நிலையக் கடைகள் கற்பித்தன. 1923இல் கோரக்பூரில் தோன்றிய கீதா அச்சகம் இப்பாடத்தை நன்கு கற்றது. இலாபம் கருதாது, விளம்பரம் ஏற்காது, மிகப் பெருந்தொகைப் பிரதிகளை அச்சிட்டு, நிலையக் கடைகள் வாயிலாகவும் அஞ்சல் வாயிலாகவும் பல மொழிகளில் பரப்பியது. அதன் சமயக் கருத்துக்களை ஏற்போரும் மறுப்போரும் உண்டு. நூலைச் சாமானியர் வீட்டு மாடத்துக்குக் கொண்டுசேர்த்த அதன் முறையை மறுப்பாரில்லை.

விடுதலைக்குப் பின் இந்தப் பணியில் அரசாங்கமும் இறங்கியது. வாங்க இயலாதவர்க்கு நூலகமே மலிவுக் கடை. அதை உணர்ந்து பேசியவருள் முதல்வர் சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ். ஆர். அரங்கநாதன். 1931இல் அவர் வகுத்த நூலக விதிகள் ஐந்தும், நூல்கள் பயன்பாட்டுக்கே என்ற கருத்தை அடியொற்றியவை. அவர் முயற்சியின் பயனாக 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு ஒரு சிறு நூலக வரியைச் சேர்த்து வாங்கி, அத்தொகையால் ஊர்ப்புற நூலகங்களை நடத்தும் ஏற்பாடு அது. 1951இல் தில்லிப் பொது நூலகம், யுனெஸ்கோவின் துணையுடன், பழைய தில்லிப் புகைவண்டி நிலையத்தின் எதிரே திறக்கப்பட்டது. 1954இல் சாகித்திய அக்காதெமியும், 1957இல் நேஷனல் புக் டிரஸ்டும் நிறுவப்பட்டன. ஒரு மொழி நூலை மற்ற மொழிகளில் பெயர்த்துக் குறைந்த விலையில் வெளியிடுவது இவ்விரு நிறுவனங்களின் முக்கியப் பணிகளுள் ஒன்றாயிற்று. வங்காள நாவலையும் கன்னடச் சிறுகதையையும் தமிழில் சில ரூபாய்க்கு வாங்கிப் படித்தோர் இந்நாட்டில் பல்லாயிரவர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அந்த நூல்களே முதற் பாடப் புத்தகங்கள் என்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறோம்.

அதே காலத்தில் தனியாரும் வாளாவிருக்கவில்லை. 1958இல் தில்லியில் தீனாநாத் மல்ஹோத்ரா 'ஹிந்த் பாக்கெட் புக்ஸ்' என்ற இந்தி நூல் வரிசையை ஒரு ரூபாய் விலையில் தொடங்கினார். அவர் வெற்றிக்கு விலை மட்டும் காரணமன்று. 'வீட்டு நூலகத் திட்டம்' ஒன்றை ஏற்படுத்தி, உறுப்பினராகச் சேர்ந்தவர்க்கு நூற்கட்டுக்களை வி.பி.பி. மூலம் அனுப்பினார். புத்தகக் கடை ஒன்றையும் காணாத சிற்றூர்களில் தபால்காரரே புத்தகக் கடையானார்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான ஒரு நிகழ்ச்சி உண்டு. பாரதியார் பாடல்களின் பதிப்புரிமையை 1949இல் சென்னை அரசாங்கம் பெற்றுப் பின்னர் நாட்டுக்கே பொதுவாக்கிற்று. உரிமை பொதுவானதும் சக்தி வை. கோவிந்தன் போன்றோர் மிகக் குறைந்த விலையில் பாரதியாரை வெளியிட முடிந்தது. மர்ரே எஸ். ராஜம் பழந்தமிழ் இலக்கியங்களைச் சந்தி பிரித்து எளிமையாக்கி மலிவாக வழங்கியதும் 1950களிலேயே. நூலின் விலையில் காகிதமும் கூலியும்போல உரிமையும் ஓர் அங்கம் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை உரிமை வழங்கியது. தாகூர் மறைந்து 50 ஆண்டுகள் நிறைவுற்ற வேளையில் அக்காலம் 60 ஆண்டாக நீட்டப்பட்டது. 1992ஆம் ஆண்டுத் திருத்தம் அதை உறுதிசெய்தது. எனவே, தாகூரின் நூல்கள் பொதுவுடைமையாக மேலும் பத்தாண்டு காத்திருக்க நேர்ந்தது.

வெளிநாடுகளும் நமக்கு மலிவு நூல்களைத் தந்தன. தத்தம் அரசியல் நோக்கம் கருதியே தந்தன என்பதும் மறைக்கத் தக்கதன்று. மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகமும், மீர் பதிப்பகமும், ராதுகா பதிப்பகமும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நூல்களை அனுப்பின. கெட்டி அட்டை, நல்ல தாள், வண்ணப் படங்கள். விலையோ சில ரூபாய். 1951 முதல் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் தமிழ்நாட்டில் அவற்றை வேன்களில் ஏற்றிச் சிற்றூர்வரை கொண்டுசென்றது. பிரிட்டிஷ் அரசாங்கம் 1960 முதல் தன் செலவில் பொறியியல், மருத்துவம் முதலிய பாடநூல்களை ஈ.எல்.பி.எஸ். என்ற பெயரில் குறைந்த விலைக்கு அளித்தது. 1991இல் சோவியத்து ஒன்றியம் மறைந்ததும் முன்னது நின்றது. 1997இல் பின்னதும் நின்றது. பிறர் தயவால் வரும் மலிவு அவர் தயவு உள்ளவரை மட்டுமே நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனி, பழைய புத்தகக் கடைக்கு வருவோம். மேலே கூறிய நூல்கள் யாவும் ஒருநாள் பழையனவாகின்றன. பெரியவர் ஒருவர் காலமாகிறார். மக்கள் வீட்டை மாற்றுகின்றனர். நூலகம் கிழிந்தவற்றைக் கழிக்கிறது. பழைய காகித வியாபாரி அவற்றை எடைக்கு வாங்கிச் செல்கிறார். அவரிடமிருந்து நடைபாதை வியாபாரி பொறுக்கி எடுக்கிறார். அவர் பொறுக்காமல் விட்டது கூழாகிக் காகித ஆலைக்குப் போகிறது. பலசமயம் ஆங்கிலமே பேச அறியாத அந்த வியாபாரி, எந்த நூலை எவர் தேடி வருவார் என்பதை அட்டையைக் கண்டே அறிகிறார். ஒரு நூல் கூழாகாமல் மீண்டும் ஒரு வாசகரிடம் செல்வது அவர் கண்ணாலும் கையாலுமே. கல்கத்தாவில் பிரசிடென்சிக் கல்லூரியின் கம்பிவேலியை ஒட்டிய கல்லூரித் தெருக் கடைகளும், சென்னையில் மூர் மார்க்கெட்டும், தில்லியில் தரியாகஞ்சு ஞாயிற்றுச் சந்தையும் இவ்வகையில் பெயர் பெற்றவை.

இவை மூன்றும் இடர்ப்பட்ட வரலாறும் உண்டு. 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டு 1985இல் தீக்கு இரையாயிற்று. கடைக்காரர் வேறு கட்டடத்துக்குச் சென்றனர். ஆயினும் அந்தப் பழைய பெயரும் கூட்டமும் முழுதும் திரும்பவில்லை. 2020 மே மாதத்தில் ஆம்பன் புயல் கல்லூரித் தெருவை வெள்ளக்காடாக்கியது. நூல்கள் தெருவில் மிதந்தன. தரியாகஞ்சுக்கு வந்தது தீயுமன்று, புயலுமன்று. 1960களில் தொடங்கியதாகக் கூறப்படும் அந்தச் சந்தை, ஞாயிறுதோறும் பெருங்கடைகள் அடைத்திருக்கும் வேளையில், நேதாஜி சுபாஷ் சாலையின் நடைபாதையில் கூடி வந்தது. போக்குவரத்துக்கு இடையூறு என்ற காரணத்தால், தில்லி உயர் நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து, 2019 ஜூலையில் அது மூடப்பட்டது. சில வாரங்களுக்குப் பின் அருகிலுள்ள மகிளா ஹாட் என்ற சுற்றுச்சுவருடைய திடலில் வியாபாரிகளுக்கு இடம் தரப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெறும் இயல்பான சந்தைகளை மரபுச் சந்தைகளாக அறிவித்து அங்குள்ளோரை இடம்பெயர்க்காதிருக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. அச்சட்டம் இருந்தும் சந்தை இடம்பெயர்ந்தது. அதே ஜூலை மாதத்தில் இறக்குமதி நூல்களுக்கு 5 விழுக்காடு சுங்கவரியும் வந்தது.

புதிய திடலில் போலீசாருக்கு அஞ்ச வேண்டுவதில்லை, வண்டிகள் இடிப்பதில்லை, இவை நன்மைகளே. ஆனால் இழப்பும் உண்டு. நடைபாதையில் நூல் விரித்திருந்தபோது, காய்கறி வாங்க வந்தவரும், பேருந்துக்கு நின்றவரும், நூல் வாங்கும் எண்ணமே இல்லாதவரும் குனிந்து பார்த்தனர். சுற்றுச்சுவருக்குள் வருபவர் நூல் வாங்கவே வருபவர். அலுவலகத்தில் மொழிபெயர்ப்புக்கு இன்றியமையாத பழைய சட்டச் சொல் அகராதி ஒன்றை நாம் கண்டெடுத்தது நடைபாதை நாட்களில்தான். சமையல் நூல்களுக்கும் மருத்துவப் பாடநூல்களுக்கும் இடையே, முதுகட்டை பிரிந்து கிடந்தது. கேட்ட விலை 80 ரூபாய், கொடுத்தது 60. அதே அகராதியைக் கடைகளில் மூன்றாண்டு தேடியும் கிடைக்கவில்லை. தேடாததைக் கண்டெடுக்கும் பேறு நடைபாதைக்கே உரியது.

நடைபாதையில் எல்லாம் நேர்மையானவை என்று நாம் கூறவில்லை. புதிதாக வந்து நன்கு விற்கும் நூல்களின் கள்ளப் பதிப்புக்கள் அங்கு அடுக்கியிருப்பதைக் காண்கிறோம். மங்கிய அச்சும், விட்டுப்போன பக்கங்களும் கொண்ட அவற்றை வாங்குவோர் ஆசிரியர் உழைப்பைத் திருடுவதற்குத் துணைபோகின்றனர். பழைய நூலை மறுபடி விற்பது வேறு. புதிய நூலைத் திருடி அச்சிடுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே மாணவர்கள் எடுக்கும் படிநகல் எங்கே நிற்கிறது என்ற கேள்வி 2012இல் வழக்காகவே வந்தது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடப் பகுதிகளைப் படியெடுத்துக் கட்டுக்களாகத் தந்த ஒரு கடையின்மீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வெளிநாட்டுப் பெரும் பதிப்பகங்கள் வழக்குத் தொடர்ந்தன. கற்பித்தலின் பொருட்டு இவ்வாறு படியெடுத்தல் உரிமை மீறலாகாது என்று 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அக்கருத்து பெரும்பாலும் நிலைபெற, 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. ஆயிரக்கணக்கான ரூபாய் விலையுள்ள நூலில் ஓர் அதிகாரம் மட்டும் வேண்டிய மாணவர்க்கு அத்தீர்ப்பு பெரும் ஆறுதல்.

இக்காலத்தில் நூல் வணிகம் கணினி வழியே நடைபெறுகிறது. 2007இல் பெங்களூரில் தொடங்கிய பிளிப்கார்ட் நிறுவனம் முதலில் விற்றவை நூல்களே. 2010இல் அது, பொருள் வீட்டுக்கு வந்தபின் பணம் கொடுக்கலாம் என்ற ஏற்பாட்டைக் கொணர்ந்தபோது பலர் அதைப் புதுமை என்று வியந்தனர். 1877இல் நம் அஞ்சல் துறை செய்த ஏற்பாடே அது. வாசகர் அச்சமும் அதுவே, அதற்கு மருந்தும் அதுவே. இணையக் கடைகளில் புதிய நூல்கள் தள்ளுபடியில் கிடைக்கின்றன. பழைய நூல்களை விற்போரும் அங்குக் கடை விரித்துள்ளனர். ஆனால் மலிவு நூலுக்கு அங்கு ஒரு தடை உண்டு. நூலின் விலை 60 ரூபாய், அனுப்புக் கூலி அதற்குக் குறையாத தொகை என்று கணக்குக் காட்டும்போது, வாங்க நினைத்தவர் பின்வாங்குகிறார். லாங் பாதிரியார் கண்ட இரு மடங்கு விலை இன்று வேறு உருவில் நம் முன் நிற்கிறது. தலைச்சுமையாகக் கொண்டுசென்றவர்க்கு அன்று கிடைத்த இரண்டாவது அணாதான் இன்று அனுப்புக் கூலியாகியிருக்கிறது.

இந்நிலையில்தான் அஞ்சல் துறையின் நூற்சலுகை சிறு பதிப்பாளர்க்கு உயிர்நாடியாயிருந்தது. பதிவு செய்த அச்சு நூல்களைத் தனிக் குறைந்த கட்டணத்தில் அனுப்பும் அந்த ஏற்பாடு 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. முன்னறிவிப்புப் போதவில்லை என்று பதிப்பாளர் முறையிட்டனர். ஒரு மூட்டை நூலையும் ஒரு மூட்டைச் செருப்பையும் ஒன்றாகவே எடைபோடும் நிலை சில மாதம் நீடித்தது. பின்னர், 2025 மே முதல் நாளிலிருந்து 'ஞான் போஸ்ட்' என்ற புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அதன் தொடக்கக் கட்டணம் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. பொதியின் போக்கைக் கணினியில் அறியும் வசதியும் அதில் உண்டு. நின்ற சலுகை வேறு பெயரில் திரும்பியது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழகிய வழி ஒரு நாளில் அடைபடக்கூடும் என்பதை அந்தச் சில மாதங்கள் நமக்கு உணர்த்தின.

விலையே இல்லாத நூல்களும் இன்று பெருகியுள்ளன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால், பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி யாவர்க்கும் வழங்குகிறது. கரக்பூர்த் தொழில்நுட்பக் கழகம் அமைத்த இந்தியத் தேசிய மின்னூலகம் 2018இல் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. பட்தலா நூல்களும் நவல் கிஷோர் பதிப்புக்களும்கூட ஒளிப்பட வடிவில் இணையத்தில் காணக்கிடைக்கின்றன. ஆலமரத்தடியில் சில காசுக்கு விற்ற நூலை அறிஞர் இன்று அரிய பொருளாகப் போற்றிப் படிக்கின்றனர். அன்று இகழப்பட்டதே இன்று சரித்திரச் சான்று.

இவ்வரலாற்றிலிருந்து நூல் விரும்பும் அன்பர்கள் கொள்ளத்தக்கன சில. முதலில் ஊர் நூலகத்தை நாடுக. அதற்கு நாம் வரி செலுத்தியிருக்கிறோம். பொதுவுடைமையான நூலை மின்னூலகத்தில் தேடுக. வழக்கொழிந்த பதிப்பைப் பழைய புத்தகக் கடையில் தேடுக. அங்குப் பேரம் பேசலாம், ஆனால் வியாபாரியின் நாட்கூலியைப் பறிக்கும் அளவுக்குப் பேசலாகாது. தொலைவிலிருந்து வரவழைப்பதாயின், நண்பர் நால்வர் சேர்ந்து ஒரே பொதியாக வரவழைத்தால் கூலி நான்கில் ஒன்றளவுக்குக்கூடக் குறையலாம். உயிரோடு எழுதிக்கொண்டிருக்கும் ஆசிரியரின் நூலை மட்டும், இயன்றவரை, புதியதாகவே விலை கொடுத்து வாங்குக. அவர் அடுத்த நூலை எழுதுவதற்கு அதுவே நாம் தரும் அச்சாரம்.

மலிவு நூலை ஒருவர் மட்டும் உண்டாக்கிவிடவில்லை. கல்லில் எழுதியவரும், தலையில் சுமந்தவரும், நிலையத்தில் விற்றவரும், சைக்கிளில் வி.பி.பி. கொணர்ந்தவரும், நடைபாதையில் துணி விரித்தவரும் ஒருவர் பின் ஒருவராக அதை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். அவர்களில் ஒருவர் வழி அடைபட்டாலும் விலை ஏறுவது நகரத்துச் செல்வருக்கு அன்று. புத்தகக் கடை இல்லாத ஊரில் அஞ்சல் அலுவலகத்தை நோக்கிக் காத்திருக்கும் மாணவனுக்கே. அட்டையில் அச்சிட்ட விலையைக் குறைக்கப் பாடுபடுவோர் இந்த வழிகளையும் சேர்த்துக் காக்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.